இரண்டாவது மோட்டார்

மாநகராட்சியின் நூற்றாண்டு விழா மூன்று மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். நான் ஒன்றரைக்கே போய்விட்டேன். இருபத்திரண்டு வருடம் பத்திரிகைக்குப் படம் எடுத்தவளுக்கு ஒரு விஷயம் தெரியும். விழாவில் உருப்படியான படம் கிடைப்பது ஆரம்பிப்பதற்கு முன்னாலோ முடிந்த பிறகோதான். நடுவில் நடப்பதெல்லாம் கை குலுக்குவது, கேடயம் கொடுப்பது, பல்லைக் காட்டுவது. அதை என் கேமராவே என்னை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போய் எடுத்து வந்துவிடும்.

மண்டபத்துக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வாடை இன்னும் போகவில்லை. முன்வரிசை நாற்காலிகளுக்குப் போட்டிருந்த வெள்ளை உறைகளில், சுவரை ஒட்டிய இரண்டில் பச்சைக் கறை அப்பியிருந்தது. ஒரு ஊழியர் அந்த இரண்டையும் பின்வரிசைக்குத் தூக்கிக்கொண்டு போனார். பின்வரிசை என்றால் பத்திரிகைக்காரர்கள் எங்கள் வரிசை.

பி.ஆர்.ஓ. என்னைக் கண்டதும் ஒரு தாளை நீட்டினார். 'கட்டாயம் எடுக்க வேண்டிய படங்கள்' என்று தலைப்பு. மொத்தம் பதினான்கு. ஏழாவது: 'வீரப் பெண்மணிக்கு மேயர் கேடயம் வழங்குதல்.'

"லென்ஸக்கா, ஏழாவது ரொம்ப முக்கியம். மேடைக்குப் பின்னாடி நிக்கறதே உங்க படம்தானே? உங்களுக்கும் பெருமைதானே?" என்றார்.

மேடையின் பின்சுவர் முழுக்க என் படம்தான். போன வருட மழையில் எடுத்தது. ஆற்றோரத்தில் நான்கு தெருக்கள் பள்ளத்தில் இருக்கின்றன. அங்கே மழைத் தண்ணீர் தானாக வடியாது. பம்ப் ஹவுஸில் மோட்டார் ஓட்டி ஆற்றில் தள்ளினால்தான் உண்டு. அந்த மழையில் பம்ப் ஹவுஸுக்குள்ளேயே இடுப்பளவு தண்ணீர். அங்கே வேலை பார்க்கும் பெண் இருபத்தாறு மணி நேரம் அந்தத் தண்ணீரிலேயே நின்று, மோட்டார் நிற்க நிற்கத் திரும்பப் போட்டு ஓட்டினாள். நான்கு தெருவும் பிழைத்தது. கறுப்புத் தண்ணீரில் நின்றபடி, தலைக்கு மேலிருக்கும் சுவிட்சுப் பலகையில் கை வைத்து அவள் திரும்பிப் பார்க்கும் படம் முதல் பக்கத்தில் வந்தது. எனக்கு ஒரு பரிசும் கிடைத்தது.

அந்தப் படத்தின் இடது ஓரத்தில் இன்னொரு மோட்டார் பாதி முங்கிக் கிடக்கிறது. மழை ஆரம்பித்த அன்று காலையிலேயே உள்ளே கம்பிச்சுருள் எரிந்து நின்றுபோன மோட்டார். படத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. எடுத்த நானும் பார்க்கவில்லை. எனக்கு முகம்தான் தெரிந்தது.

பம்ப் அக்கா என்றுதான் எங்கள் ஆபீசில் அவளைச் சொல்வோம். ஐம்பத்து மூன்று வயது, கணவன் இல்லை, கட்டிக்கொடுத்த மகள் வேறு ஊரில். இரண்டே காலுக்கு வந்தாள். மாநகராட்சியே புதிதாகத் தைத்துக் கொடுத்த சீருடை. ஒரு சைஸ் பெரிது. முதுகுப் பக்கம் மூன்று ஊக்கு குத்தியிருந்தார்கள்.

"பின்னாடி பாக்காதீங்க, படக்காரம்மா. முன்னாடி மட்டும் எடுங்க. பின்னாடி எல்லாம் ஊக்குலதான் நிக்குது," என்று சிரித்தாள். "மாநகராட்சியும் அப்படித்தான்."

பிறகு என்னை மேடையின் பக்கவாட்டு வழிக்கு இழுத்துப் போனாள். சட்டைப் பையிலிருந்து ஒரு கவர் எடுத்தாள். உள்ளே மூன்றாக மடித்த ஒரு தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கொண்டு எழுத வைத்தது. இரண்டாவது மோட்டார் எரிந்து எட்டு மாதம் ஆகிறது, ஓடுகிற ஒன்றும் சூடேறி அடிக்கடி நிற்கிறது, அடுத்த மழைக்கு முன்னால் மாற்றாவிட்டால் தெருக்கள் முங்கும். அவ்வளவுதான் விஷயம். பத்து வரி இருக்கும்.

"சூப்பர்வைசர்கிட்ட நாலு தடவை எழுதிக் குடுத்துட்டேன். கிணத்துல போட்ட கல்லு. இதை மேயர் கையிலேயே குடுக்கப்போறேன். குடுக்கற நேரத்துல கரெக்டா ஒரு படம் எடுத்துடுங்க. நாளைக்கு வரலைன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல?"

"எடுத்துடறேன்க்கா."

"கேடயத்தை விட்டாலும் பரவால்ல. காகிதத்தை விட்டுடாதீங்க."

விழா மூன்றே முக்காலுக்கு ஆரம்பித்தது. ஒன்று முதல் ஆறு வரை எடுத்து முடித்தேன். மேடை விளக்குகளின் சூட்டில் மேயரின் சட்டைக் காலர் நனைந்துபோயிருந்தது, ஏ.சி. மேடை வரை எட்டவில்லை. ஏழாவதாக அவளைக் கூப்பிட்டார்கள். மண்டபமே எழுந்து கை தட்டியது. தன்னைவிட ஐந்து மடங்கு பெரிய தன் படத்துக்கு முன்னால் அவள் நடந்து வந்தாள். மேயர் வலது கையால் கேடயத்தை நீட்டினார். அவள் அதை வாங்காமல் முதலில் கவரை நீட்டினாள். அவர் ஒரு நொடி விழித்துவிட்டு இடது கையால் வாங்கிக்கொண்டார். நான் ஆறு பிரேம் எடுத்தேன். ஆறிலும் காகிதம் இருந்தது.

"ஒரே நிமிஷம், ரெண்டு வார்த்தை நன்றி சொல்லுங்க," என்று தொகுப்பாளினி மைக்கைக் கொடுத்தாள்.

பம்ப் அக்கா மைக்கைச் சுவிட்சு மாதிரி இறுக்கிப் பிடித்தாள். "எல்லாருக்கும் நன்றி. எனக்கு மேடையெல்லாம் பழக்கமில்ல. பம்ப் ஹவுஸ்ல ரெண்டு மோட்டார்ல ஒண்ணு எரிஞ்சு போச்சு. எட்டு மாசம் ஆச்சு. இன்னொண்ணும் இழுத்துக்கிட்டுத்தான் இருக்கு. கேடயம் சந்தோஷம். மோட்டார் குடுத்தா இன்னும் சந்தோஷம். மழை வரப்போகுது."

முன்வரிசை முழுக்க மேயரைப் பார்த்தது. இதோ, நடந்துவிட்டது என்று நினைத்தேன்.

மேயர் சிரித்தபடி மைக்கை மெல்ல வாங்கினார். "பாத்தீங்களா? மேடையில நிக்கும்போதுகூட இவங்க தனக்குன்னு ஒண்ணும் கேக்கல. வேலையைப் பத்தியேதான் பேசறாங்க. இதுதான் அர்ப்பணிப்பு! இந்த நகரத்தோட உயிரே இந்த மாதிரி ஆளுங்கதான்!"

இடி மாதிரி கைதட்டல். வாத்தியக்காரர்கள் யாரும் சொல்லாமலே ஆரம்பித்துவிட்டார்கள். அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் எட்டாவது ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். தொகுப்பாளினி அவள் தோளைத் தொட்டு, பூப்போலத் திருப்பி, படிக்கட்டுப் பக்கம் அனுப்பிவைத்தாள். முதுகில் ஊக்குகள் தெரிந்தன.

மேயர் நாற்காலியில் உட்கார்ந்தார். கவரிலிருந்து தாளை எடுத்தார். படிக்கப்போகிறார் என்று நினைத்து நீள லென்ஸை மாட்டினேன். அவர் அதைப் பிரித்து, ஒரு பார்வை பார்த்து, இரண்டாக மடித்து, விசிறிக்கொள்ள ஆரம்பித்தார். ஒன்பது, பத்து, பதினொன்று எல்லாம் முடியும் வரை விசிறினார். அதையும் எடுத்தேன்.

விழா முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போனபோது மேடையில் ஏறிப் பார்த்தேன். தாள் மேயர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே கிடந்தது.

என் தங்கை அன்று வரவேற்பு மேசையில் பேட்ஜ் குத்திக்கொண்டு நின்றாள். அவள் மாநகராட்சிப் பொறியியல் பிரிவில் எழுத்தர். வருகிற தபால்களைப் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, சீல் வைப்பதுதான் வேலை. ஆறு வருடமாகத் தற்காலிகம். தாளை அவள் கையில் திணித்தேன்.

"நாளைக்குக் காலையில முதல் வேலையா இதைப் பதிவேட்டுல ஏத்தி நம்பர் போட்டுடு."

"மேயர் கையில குடுத்ததை நான் எப்படிக்கா ஏத்துவேன்? யார் குடுத்தான்னு கேட்டா?"

"தபால்ல வந்துச்சுன்னு போடு. ஒரு நம்பர்தானேடி."

அவள் இங்குமங்கும் பார்த்துவிட்டுத் தாளைக் கைப்பைக்குள் வைத்தாள்.

ஆபீசுக்குப் போனதும் விசிறும் படத்தை நியூஸ் எடிட்டரிடம் காட்டினேன். ஒரு நிமிடம் கண் எடுக்காமல் பார்த்தார்.

"இந்த வருஷத்தோட படம் இதுதான்," என்றார். "ஆனா நாளைக்குப் பன்னெண்டு பக்கம் மாநகராட்சி விளம்பர மலர் நம்மகூடத்தான் வருது. நீயே சொல்லு."

போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். என் தங்கைக்கு அந்த வருடம் நிரந்தரம் ஆகும் என்று பேச்சு. அக்காக்காரியின் படத்தால் அது கெட்டுப்போகுமே என்று எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. முடிவை எடிட்டர் தலையில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் ஏழாவது படம்தான் வந்தது. இரண்டு பத்திக்குள் அடக்க ஓரத்தை வெட்டியிருந்தார்கள். மேயரின் இடது கை மணிக்கட்டோடு போய்விட்டது. காலை எட்டு மணிக்கெல்லாம் பம்ப் அக்கா போன் செய்தாள்.

"படத்துல காகிதத்தைக் காணோமே, படக்காரம்மா?"

"முழுப் படம் என்கிட்ட பத்திரமா இருக்குக்கா. தபால்லயும் ஏத்தச் சொல்லியாச்சு. என் தங்கச்சி அங்கதான் இருக்கா."

"அப்ப சரி. எனக்கென்ன கவலை," என்றாள்.

ஒரு வாரம் கழித்துத் தங்கையிடம் கேட்டேன். "ஏத்திட்டியா?" குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டே "ம்" என்றாள். எண் என்ன என்று நான் கேட்கவில்லை. ஒரு எண் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

நான்கு மாதம் கழித்து மழை வந்தது. காலை ஆறு மணிக்குப் பிடித்தது. பதினொன்றுக்கு அந்த ஒற்றை மோட்டார் நின்றது. அவள் திரும்பத் திரும்பப் போட்டாள். நான்காவது தடவை பலகையே புகைந்தது. இரண்டு மணிக்கு நான்கு தெருவிலும் நெஞ்சளவு தண்ணீர். மூன்றாவது தெருவில் கீழ்வீட்டில் பக்கவாதம் வந்து படுத்திருந்த ஒரு பழைய தையற்காரர். மகள் மில் வேலைக்குப் போயிருந்தாள். திரும்பி வர வழியில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் நீந்திப் போய்ப் பார்த்தபோது கட்டில் மிதந்துகொண்டிருந்தது. அவர் அதில் இல்லை.

அந்த வீட்டு வாசலில் கேமராவைத் தூக்கினேன். உள்ளே யாரோ "அம்மா, வேண்டாம்மா" என்றார்கள். இறக்கிவிட்டேன்.

பம்ப் ஹவுஸ் மாடிப்படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கையிலும் சூட்டுக் கொப்புளம்.

"தலைக்கு மேல போன பிறகு ஜாண் என்ன, முழம் என்ன," என்றாள். பிறகு, "அந்த தையக்காரர்தான் என் மகளோட கல்யாணத் துணியெல்லாம் தைச்சுக் குடுத்தார்," என்றாள்.

மூன்றாம் நாள் அவளைச் சஸ்பெண்ட் செய்தார்கள். 'இயந்திரக் கோளாறை உரிய முறையில் எழுத்து மூலம் தெரிவிக்கத் தவறியது' என்று உத்தரவில் இருந்தது. சூப்பர்வைசர் தனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு ஒரு பக்கம் கொதித்தாலும் இன்னொரு பக்கம் தைரியமாகத்தான் இருந்தது. பதிவேட்டில் எண் இருக்கிறதே.

நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை வேலை தேடும் சாக்கில் வெளியே போயிருந்தார். வேலை இல்லாமல் அது மூன்றாவது வருடம். அவள் காய்ந்த துணியைக் கட்டிலில் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தபால் நம்பர் வேணும். விசாரணைக்குக் குடுக்கணும்."

மடித்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே பிடித்தபடி நின்றாள். பிறகு பீரோவைத் திறந்து, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளேயிருந்து அந்தத் தாள் வந்தது. இரண்டாக மடித்த கோடு அப்படியே இருந்தது. சீல் இல்லை. எண் இல்லை.

"ஏத்தலைக்கா."

"ஏத்திட்டேன்னியே."

"ம்னுதான் சொன்னேன்." அவளுக்கு உதடு கோணியது. "மறுநாள் பேனாவை எடுத்துட்டேன்க்கா. பின்னாடி வந்து எங்க பிரிவு சூப்பரின்டெண்ட் நின்னாரு. 'நேத்து மேடையில அந்தம்மா உளறினதைப் பத்தி ஏதாவது பேப்பர் வந்தா எங்கிட்டக் கேக்காம ஏத்தாத'ன்னாரு. என் நிரந்தர ஃபைல் அவர் மேஜையிலதான் இருந்துச்சு. நாளைக்கு ஏத்தலாம், நாளைக்கு ஏத்தலாம்னு... கிழிச்சுப் போடவும் மனசு வரல. வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன்."

"எப்ப நிரந்தரம் ஆச்சு?"

"போன மாசம்."

எனக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். விசிறும் படம் என் கம்ப்யூட்டரில் நான்கு மாதமாகத் தூங்கியதே, அதற்கு என்னை யார் அறைவது? அவள் பீரோவில் பூட்டினாள், நான் ஆபீசில் பூட்டினேன். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் வந்து சொல்றேன்க்கா. எங்கிட்ட வந்துச்சு, நான்தான் ஏத்தலைன்னு சொல்லிடறேன். என்ன ஆனாலும் ஆகட்டும்," என்றாள்.

அன்று மாலையே பம்ப் அக்காவிடம் போய் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் அறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஜன்னலோரம் கேடயம். கேடயத்தின் மேல் கைத்துண்டு காய்ந்துகொண்டிருந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தனை பிள்ளைங்க உங்க தங்கச்சிக்கு?"

"ரெண்டு."

"புருஷனுக்கு வேலை?"

"இல்ல."

கொப்புளம் உரிந்த கையைத் திருப்பிப் பார்த்தபடி இருந்தாள். "வர வேண்டாம்னு சொல்லிடுங்க. அவ வந்து சொன்னா அவ வேலையும் போகும். எனக்கும் திரும்ப வராது. சீல் இல்லாத தாளைக் காட்டினாலும் இத்தனை நாள் எங்க இருந்துச்சு, வேணும்னே ஒளிச்சு வெச்சீங்களான்னு கேப்பாங்க. உங்க பேரு வரும். ஒருத்தி போனது போதும். உங்க படம் இருக்குல்ல? அதைக் கொண்டாங்க, பாப்போம்."

நான் மறுத்துப் பேசவில்லை. தங்கைக்காகத்தான் பேசவில்லை என்று அவளுக்கும் தெரியும்.

விசாரணை அதிகாரியின் அறை சின்னது. ஜன்னலுக்கு வெளியே மழைக்குப் பிறகு துணி காயப்போட்ட மொட்டை மாடிகள். பத்துக்குப் பன்னிரண்டு அளவில் இரண்டு படங்கள் பிரின்ட் போட்டுக் கொண்டு போயிருந்தேன். பத்திரிகையைக் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்பார்கள். அதிகாரி கெட்டவர் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

"இதுல ஒரு கவர் குடுக்கறாங்க. கவருக்குள்ள என்ன இருக்குன்னு தெரியலையே. வாழ்த்து மடலாக்கூட இருக்கலாம்."

"அடுத்ததைப் பாருங்க சார். பிரிச்ச தாள் இருக்கு."

பார்த்தார். மேஜை விளக்கைப் போட்டு, பூதக்கண்ணாடி எடுத்தும் பார்த்தார். மேயரின் முகம் துல்லியமாக இருந்தது. நெற்றி வியர்வைத் துளிகூட எண்ணலாம். தாள் மட்டும் வெள்ளைப் புகை மாதிரி கலங்கியிருந்தது. விசிறுகிற தாள். மேயர் உட்கார்ந்த ஓரத்தில் வெளிச்சம் குறைவு என்று ஷட்டர் வேகத்தைக் குறைத்து வைத்திருந்தேன். ஓடுகிற பந்தயக் குதிரையை நிறுத்தி எடுத்திருக்கிறேன்; ஒரு தாளை நிறுத்த முடியவில்லை. மற்ற பிரேம்களும் அப்படியேதான் இருந்தன. முந்தைய நாள் ராத்திரியே எனக்கு அது தெரியும். அவர் கண்ணுக்கு எப்படியாவது தெரிந்துவிடாதா என்ற நப்பாசையில் கொண்டுவந்திருந்தேன்.

"எழுத்துப் படிக்கற மாதிரி இல்லையேம்மா," என்றார்.

"ஆயிரம் பேர் முன்னாடி மைக்ல சொன்னாங்களே சார், மோட்டார் எரிஞ்சு போச்சுன்னு?"

"சொன்னாங்க. நானும் அங்க இருந்தேன், நானும் கை தட்டினேன்." கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா மேடையில சொன்னது எழுத்து மூலம் தெரிவிச்சது ஆகாது. விதி அப்படி. எனக்கு இதுல சந்தோஷம்னு நினைக்காதீங்க."

பம்ப் அக்கா எழுந்து அவரைக் கும்பிட்டாள். "பரவால்லங்க. உங்க வேலையை நீங்க பாக்கறீங்க," என்றாள். அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பம்ப் அக்காவுக்கு வேலை போயிற்று. செத்த தையற்காரரின் மகள் ஆபீசுக்கு வந்து, 'வீரப் பெண்மணின்னு படம் போட்டீங்களே, எங்கப்பாவைக் கொன்னுட்டாளே' என்று என்னிடம் கத்தினாள். அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டாள். நம்பினாளா என்று தெரியாது. பம்ப் ஹவுஸில் இப்போது ஒப்பந்த ஆள் ஒருவர். நின்றுபோன இரண்டு மோட்டாரில் ஒன்றைப் புதுக்கம்பி சுற்றி, ரீவைண்டிங் செய்து மாட்டியிருக்கிறார்கள். இன்னொன்று அங்கேயே கிடக்கிறது. விசிறும் படத்தை நியூஸ் எடிட்டரிடம் மறுபடியும் கொண்டுபோனேன். "இப்ப போட்டா பழைய படம்," என்றார். அதுவும் சரிதான்.

தங்கை வாரம் ஒருமுறை போன் செய்கிறாள். பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறோம். மழை பெய்தால் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

போன மாதம் பம்ப் அக்கா என் ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்கு விண்ணப்பம் போடுகிறாளாம்; பாஸ்போர்ட் சைஸ் படம் இரண்டு வேண்டும். மாடிப்படிச் சுவரில் வெள்ளையடித்த இடமாகப் பார்த்து நிற்க வைத்தேன். தலைமுடியைக் கையால் படிய வைத்துக்கொண்டாள்.

"சிரிக்கலாமா?"

"கூடாதாம்க்கா. ஃபாரத்துல அப்படித்தான் போட்டிருக்காங்க."

"அப்ப சுலபம்," என்று நேராகப் பார்த்தாள்.

ஐந்து பிரேம் எடுத்தேன். நல்ல வெளிச்சம். கண் இமை முதல் கன்னத்துச் சுருக்கம் வரை எல்லாம் தெளிவாக விழுந்தது. ஐம்பது வயதுக்கு மேல் எடுப்பதில்லை என்று பதினைந்தாம் நாள் பதில் வந்துவிட்டது. படத்தைத் திருப்பி அனுப்பவில்லை.